விசேஷம் ஒன்றும் இல்லை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான்காவதை ஆள் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் அந்த வீட்டுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது.

கணினி மேசைக்கு நேர் எதிரே, கைப்பிடி வைத்த மர நாற்காலியில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே நாற்காலி மேசைக்குச் சரியாக இணைகோட்டில் போடப்பட்டிருந்தது. அவருக்கு இடது கைப்பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில், ஹெல்மெட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு, கணினி பழுது பார்க்கும் ரூபா பிளசி. அடுக்களை வாசலில் தரையோடு தரையாகக் கோமதிநாயகத்தின் மனைவி முத்துச்செல்வி; மடியில் சுளகு, சுளகில் முருங்கைக்கீரை. ஷோகேஸின் நடுத்தட்டில், கண்ணாடி மயிலுக்கும் ஓய்வுபெற்ற நாளில் கொடுத்த கேடயத்துக்கும் நடுவே, சிலேட்டு அளவில் ஒரு திரை சாய்ந்திருந்தது. அதில் கோமதிநாயகத்தின் முகம், மூக்குக்கண்ணாடி உட்பட. அதுதான் அவருடைய பதிலாள்.

பதிலாள் இல்லாத வீடு இப்போது அம்பாசமுத்திரத்தில் எங்கே இருக்கிறது? கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு, கேதம் விசாரிப்பு என்று ஒரு மனுஷன் எத்தனை இடத்துக்குத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட முடியும்? குரலையும் முகத்தையும் சொந்தபந்த விவரத்தையும் கொடுத்துவிட்டால், இணையத்தில் மேகம் நடத்தும் கம்பெனிக்காரர்கள் ஓர் ஆளைத் தயார் செய்து தந்துவிடுவார்கள். விசேஷ வீட்டில் பின்வரிசை நாற்காலிகளில் இதே மாதிரித் திரைச் சிலேட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றின் சட்டத்திலும் சந்தனம் வைத்திருப்பார்கள். பதிலாள் மேகம் வழியாக அங்கே போய் ஒரு சிலேட்டில் இறங்கி, குசலம் விசாரித்து, தலையாட்டி, நடந்ததையெல்லாம் மனதில் வாங்கிக்கொண்டு, மறுபடி மேகம் வழியாகவே வீட்டுக் கணினிக்குத் திரும்பும். சாப்பாடு மட்டும்தான் மிச்சம்.

கோமதிநாயகம் தம்முடைய பதிலாளை ‘நீரு’ என்றுதான் கூப்பிடுவார். தன்னைத்தானே ‘நீ’ என்று சொல்ல மனம் வரவில்லை. ‘நீங்க’ என்றால் அதற்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

ஆனால் ஒரு வருத்தம். அது எங்கே போய்த் திரும்பினாலும், “போய் வந்தேன். விசேஷம் ஒன்றும் இல்லை,” என்றுதான் சொல்லும். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டால் விழிக்கும். தன்னைப் போலவே அதுவும் ஊர்வம்பு பிடிக்காத ஆள் என்று அவர் உள்ளூரப் பெருமைப்பட்டது உண்டு.

திங்கட்கிழமை காலையிலிருந்து கணினியின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. ‘இடம் இல்லை. ஒத்திசைவு நிறுத்தப்பட்டது.’ அதற்காகத்தான் பிளசி வந்திருந்தாள்.

“அண்ணாச்சி, நான் வாரதுக்கு முன்னாடி என்னெல்லாம் செஞ்சு பாத்திய?”

“அணைச்சுப் போட்டேன். கம்பியக் கழத்தி மாட்டினேன். கடவுச்சொல்ல மாத்தினேன். பழைய கோப்பையெல்லாம் அழிச்சேன்.”

“அத எதுக்கு அழிச்சிய?”

“இடம் இல்லன்னுல்லா சொல்லுது.”

“அழிச்ச பொறவு?”

“அப்பயும் இடம் இல்லங்கு.”

“கல்யாண போட்டோவ அழிச்சிட்டாரு. அதக் கேளு மொதல்ல,” என்றாள் முத்துச்செல்வி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அதான் மேகத்துல பத்திரமா இருக்கே.”

“நானும் ஒருநா மேகத்துக்குப் போயிருவேன். அப்ப இங்கன அழிச்சிருவியளோ?”

பிளசி சிரிப்பை விழுங்கிக்கொண்டு கறுப்புத் திரையைத் திறந்தாள். நாலைந்து வரிகள் அடித்தாள். கோமதிநாயகத்துக்கு உண்மையில் கணினி பற்றிய கவலை பாதிதான். மீதிக் கவலை கோவில்பட்டியில் இருந்தது.

அங்கே அவர் தங்கை உலகம்மை இருக்கிறாள். தை பிறந்தால் அவள் மகள் இதழினிக்குக் கல்யாணம். அழைப்பிதழ் அச்சாகி, கல்லிடைக்குறிச்சிச் சித்தப்பா வீட்டுக்கு வந்தாயிற்று, எதிர்வீட்டுக்குக்கூட வந்தாயிற்று. முதல் அழைப்பிதழைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வாங்க வேண்டிய தாய்மாமனுக்கு மட்டும் வரவில்லை. ஆவணியில் ஒருநாள் சாயங்காலம் தங்கை போன் செய்து, “சொன்னதச் செய்யணும்னு தோணலையா ஒனக்கு?” என்று கேட்டாள். “நான் என்னட்டி சொன்னேன்?” என்று இவர் கேட்டார். “அதுவும் மறந்து போச்சா? சரிண்ணே, வச்சிருதேன்,” என்றாள். வைத்தவள்தான். அதற்குப் பிறகு இவர் எப்போது கூப்பிட்டாலும் அவளுடைய பதிலாள்தான் எடுத்தது. ‘கூப்பிட்டதாச் சொல்லுதேன்’ என்பதற்கு மேல் அது பேசவில்லை. அவள் மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை.

தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாத தப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? சர்வே எண்ணே இல்லாத நிலத்தை அளக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

“அண்ணாச்சி, ஒங்க கண்ணுல தெரியுற கோப்பையெல்லாம் சேத்தா ஒரு கைப்பிடி வராது. ஆனா பெட்டி தளும்பிக் கெடக்கு. என்னமோ ஒளிஞ்சு இருக்கு உள்ள.”

“என் கணினியில நான் வைக்காத கோப்பா?”

“பேருக்கு முன்னால ஒரு புள்ளி போட்டா, இந்தக் கணினிய ஓட்டுத லினக்ஸு அத வெளிய காட்டாது. இந்தா பாருங்க.” ஒரு வரி அடித்தாள். திரையில் அதுவரை இல்லாத ஒரு கோப்படைவு முளைத்தது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு கோப்புகள். எல்லாவற்றின் வாலிலும் ‘முரண் பிரதி’ என்று இருந்தது.

தம்மைக் கேட்காமல் தம் வீட்டில் யாரோ குடியிருந்ததைப் போலக் கோமதிநாயகம் அதைப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஒரு விசேஷத்தின் பெயர். கோவில்பட்டி நிச்சயதார்த்தம். ஆலங்குளம் பால்காய்ப்பு. சித்தப்பா பேரன் காதுகுத்து. பாவூர்சத்திரம் அறுபதாம் கல்யாணம்.

பிளசி குறிப்பேட்டுக் கோப்பைத் திறந்து வாய்விட்டு வாசித்தாள். “‘பயணப் பிரதி பழையது. வீட்டுப் பிரதி புதியது. வீட்டுப் பிரதி வைத்துக்கொள்ளப்பட்டது.’ ஒவ்வொரு தடவையும் இதேதான்.”

“அப்படின்னா?”

“ஒங்க பதிலாளு வெளிய போகும்போது ஒரு பிரதி மேகத்துல போகுது. இன்னொரு பிரதி இங்கனயே இருக்கு. ‘நான் இருக்கேன், இருக்கேன்’னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க அதுல நேரம் பதியும். போனது திரும்பி வந்தா ரெண்டுலயும் எது புதுசோ அது செல்லும். வெளிய போயிட்டு வந்ததுதான புதுசா இருக்கணும்? ஆனா ஒங்க வீட்டுல இருக்கதுதான் எப்பவும் புதுசுங்கு.” அவள் நிறுத்தினாள். திரையின் ஓரத்தைப் பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “அண்ணாச்சி, இந்தக் கணினியில நேரம் ஏன் பத்து நிமிஷம் முந்தி இருக்கு?”

கோமதிநாயகம் சுவரைக் கைகாட்டினார். அங்கே தொங்கிய கடிகாரமும் அதே பத்து நிமிஷம் முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அது அந்தக் குடும்பத்து வழக்கம். அவருடைய அப்பாவுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே பயம்தான்: பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று. அதனால் வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தார். தள்ளி வைத்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் பத்தைக் கழித்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். பஸ் போய்க்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் அதை யாரும் திருத்தியதில்லை.

“கணினி தானா வலையிலருந்து நேரம் எடுத்துக்கிடும்லா? அத யாரு நிப்பாட்டினது?”

“நான்தான். சுவத்துல ஒரு நேரம், மேசையில ஒரு நேரம்னா எத நம்ப?”

“எது சரியான நேரமோ, அத நம்பணும். வீட்டுப் பிரதி இந்த நேரத்தத்தான் பதியுது; பத்து நிமிஷம் முந்தி இருக்கதால அதுதான் எப்பவும் புதுசாத் தெரியுது.”

“மாத்தும்போது இது ஒண்ணும் சொல்லலையே.”

“லினக்ஸு அண்ணாச்சி. மொதலாளி சொன்னா சரிம்பான். மத்ததுன்னா ஏன் எதுக்குன்னு நூறு கேள்வி கேட்டிருக்கும்.”

முத்துச்செல்வி முதல் தடவையாகக் கீரையை விட்டு நிமிர்ந்தாள். “அப்ப அது போன எடத்துல பேசினது எல்லாம்?”

“அழியலக்கா. பழசுன்னு நெனச்சு ஒதுக்கி வச்சிருக்கு. வச்சு வச்சுத்தான் பெட்டி நெறஞ்சு போச்சு.”

“அந்த நிச்சயதார்த்தத்தப் போடு,” என்றார் கோமதிநாயகம்.

பிளசி போட்டாள். நாதஸ்வரச் சத்தம், பிள்ளைகள் ஓடும் சத்தம், அதற்குள் உலகம்மையின் முகம். சிலேட்டின் முன்னால் குனிந்து நின்றாள். புதுப் பட்டுச்சேலை, நெற்றியில் வேர்வை.

“வந்துட்டியாண்ணே. நேர்ல வருவேன்னு பாத்தேன்.”

“கால்வலிட்டி,” என்றது பதிலாள். அது இவர் சொல்லி அனுப்பிய காரணம்தான். உண்மையில் அன்று கால் வலிக்கவில்லை. பழைய நில அளவைப் புலப்படங்களையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை.

“சரி போகட்டும். மாமன் சேலை எடுக்கவாச்சும் நீயா வரணும். இவ அப்பா இருந்தா நான் கேக்க மாட்டேன். புள்ள ஒன் கையால எடுத்த சேலையத்தான் கட்டுவேங்கா.”

“இதுக்கு ஏன் அழுத? ஆவணி மொத ஞாயித்துக்கெழம, பெரிய பஜார் ஜவுளிக்கடைக்கு வந்துரு. நானே நேர்ல வாரேன். நீயும் நானும் புள்ளையும் எடுப்போம். முடிஞ்சதும் முட்டாய் வாங்கித் திம்போம், சரியா?”

உலகம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கோப்பு முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கோமதிநாயகம் யோசித்தார். எதுவும் ஞாபகம் வரவில்லை. ஏதாவது அளந்துகொண்டிருந்திருப்பார்.

“அடுத்ததப் போடும்மா.”

அடுத்தது ஆலங்குளம் பால்காய்ப்பு. பின்வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு சிலேட்டுகள். ஒன்றில் இவருடைய பதிலாள். மற்றதில் உலகம்மையினுடையது, அவளும் நேரில் போகவில்லை போல.

“என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்திருக்க?” என்றது உலகம்மையின் பதிலாள். “கடை தொறந்ததுலருந்து ஷட்டரு போடுத வரைக்கும் வாசப்படியிலயே உக்காந்திருந்தேன், புள்ளையக் கூட்டிக்கிட்டு. கடைக்காரன் பாவப்பட்டு டீ வாங்கிக் குடுத்தான்.”

“என்னட்டி சொல்லுத? எந்தக் கடை?” இவருடைய பதிலாளுக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த பிரதியைத்தான் கணினி ஒதுக்கிவிட்டதே. அது கேட்டுத் தெரிந்துகொண்டது. பிறகு சொன்னது: “தப்புத்தான் ஒலகு. காரணம் சொல்ல மாட்டேன். காரணம் சொன்னா ஒனக்கு இன்னும் வலிக்கும். அப்பா இல்லாத எடத்துல நிக்க வேண்டியவன், நாற்காலிய விட்டு எந்திரிக்கல. அவ்வளவுதான்.”

அந்தப் பக்கம் அழுகை, பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம், பிறகு, “சாப்பிட்டியா?” என்றது. “நாம எங்கட்டி சாப்பிட?” என்றது இது. இரண்டு சிலேட்டும் சேர்ந்து சிரித்தன.

கோமதிநாயகம் ஷோகேஸைத் திரும்பிப் பார்த்தார். பதிலாள் மயிலுக்குப் பக்கத்தில் அப்பாவியாக விழித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நன்றாகப் பேசத் தமக்கு வரும் என்று அவருக்கு இத்தனை வயதாகியும் தெரியாது.

“அப்ப ராசியாயிட்டாங்களே. பொறவு என்ன கோவம்?” என்றாள் முத்துச்செல்வி, சுளகோடு நகர்ந்து கணினிப் பக்கம் வந்து.

காதுகுத்தைப் போட்டார்கள். “என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்திருக்க?” என்று தொடங்கியது உலகம்மையின் பதிலாள். கடை, ஷட்டர், டீ. “எந்தக் கடை?” என்றது இவருடையது. தப்புத்தான் ஒலகு. அழுகை. சாப்பிட்டியா. அறுபதாம் கல்யாணத்தைப் போட்டார்கள்.

“இப்ப கடைக்காரன் டீ குடுப்பான் பாரு,” என்றாள் முத்துச்செல்வி. கொடுத்தான். “இனி அழுவா.” அழுதாள். ஆனால் இந்தத் தடவை புதிதாக ஒன்று சொன்னாள்: “சேலை இன்னும் எடுக்கலண்ணே. மாமன் சேலை இல்லாட்டி மணவறையில ஏறமாட்டேன்னு ஒரே புடியா நிக்கா. ஒனக்குக் கல்யாணக் காயிதம் குடுக்காமதான் இருக்கேன். எனக்கு மட்டும் ஆசையா என்ன?”

கோப்பு முடிந்தது.

“ஒண்ணு வெளங்கலக்கா,” என்றாள் பிளசி கடைசியில். “நம்ம பக்கத்துக் கோளாறு தெரிஞ்சுபோச்சு. இவுக பதிலாளு வீட்டுக்கு வந்தா மறந்துரும். அவுக பதிலாளுக்கு என்ன வந்துச்சு? ஒரு தடவ மன்னிச்சா அவுக காதுக்குப் போயிருக்கணும்லா?”

கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். “ஒலகு வீட்டுக்கும் நான்தான் கணினி போட்டுக் குடுத்தேன்.”

“நேரத்த?”

“அப்பாவோட கடிகாரம் அவ வீட்டுலதான தொங்குது. அதோட ஒத்துப்போவணும்லா.”

முத்துச்செல்வி சுளகைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். “ரெண்டு வீட்டையும் அளந்து கல்லு நட்டிருக்காரு மனுஷன்.”

பிளசி மளமளவென்று வேலையை முடித்தாள். கணினியின் நேரத்தை வலைக்கே விட்டாள். ஒதுங்கிக் கிடந்த பிரதிகளையெல்லாம் ஒன்றாகக் கோத்துப் பதிலாளுக்குள் ஏற்றினாள். சிவப்புக் குறி போய்ப் பச்சை வந்தது. ஷோகேஸிலிருந்த முகம் கண்ணைக் கொட்டியது. தூங்கி எழுந்தவனைப் போல ஒரு சுற்றுப் பார்த்தது.

“ஒலகு பாவம்,” என்றது.

“இனி கவலய விடுங்க அண்ணாச்சி,” என்றாள் பிளசி. “எல்லாம் அதுக்கு ஞாபகம் இருக்கு. இப்பவே கோவில்பட்டிக்கு அனுப்புங்க. போயி அழகா பேசி முடிச்சிரும்.”

“யாருட்ட பேசும்?”

“அவுகட்ட.”

“போன் அடிச்சாலே அவ பதிலாளுதான எடுக்குது. என் பதிலாளப் பாத்தா அது நாலு ஏச்சு ஏசி, அழுது, மன்னிச்சு, சாப்பிட்டியான்னு கேட்டு அனுப்பிரும். அதுவும் மேகத்துலருந்து வீட்டுக்குப் போனதும் மறந்துரும். இங்க எல்லாம் சரியாயிட்டுன்னு நான் இருப்பேன். அங்க அவ அந்த வாசப்படியிலயேதான் உக்காந்திருப்பா.” அவர் எழுந்தார். நாற்காலியின் இணைகோடு கலைந்ததைக் கவனிக்கவில்லை. “செல்வி, தாள் இருக்கா?”

“நேர்லயே போனா என்ன?”

“காயிதம் குடுக்காத வீட்டுப் படிய நான் எப்படி மிதிக்க? அவ கதவச் சாத்திட்டான்னா கல்யாணமே நின்னுபோவும்.”

எழுத உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுதவில்லை. பதிலாள் மேலே இருந்து உதவ முன்வந்தது. “‘காரணம் சொல்ல மாட்டேன்’னு ஆரம்பிங்க. அதுக்குத்தான் அவ மனசு எளகும்.”

“நீரு சும்மா இரும்.”

“அவ அழுதா என்ன சொல்லணும்னும் எனக்குத் தெரியும்.”

“தெரியும்வே. நீரு பல தடவ சொல்லிப் பழகிட்டீரு. நான் இன்னும் ஒரு தடவகூடச் சொல்லல.”

அவர் எழுதியது இவ்வளவுதான். இதை எழுதுவது நான், என் கையால். நிச்சயதார்த்தத்தன்று எனக்குக் கால் வலிக்கவில்லை. சோம்பலில் வராமல் இருந்துவிட்டேன். நீ காத்திருந்தது எனக்கு இன்றுதான் தெரியும். ஏன் தெரியாமல் போனது என்பதும் என் கைவேலைதான், அதை நேரில் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும்போது அந்த வாசப்படியில் இருப்பேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் ஷட்டர் போடுகிறவரை இருப்பேன். பிள்ளைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் நீங்கள் வந்தால் நல்லது.

முத்துச்செல்வி வாங்கிப் படித்தாள். “நல்லாவே இல்ல,” என்றாள். “அப்படியே அனுப்புங்க. நீங்கதான்னு நம்புவா.”

“போட்டோ புடிச்சு அனுப்பட்டா அண்ணாச்சி? நொடியில போயிரும்,” என்றாள் பிளசி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே.

“நொடியில போனா அவ பதிலாளு படிச்சிரும்.”

பழைய அலுவலகக் கவர் ஒன்று பீரோவில் கிடந்தது. பசைப்புட்டி காய்ந்து கல்லாகியிருந்தது. முத்துச்செல்வி அடுக்களைக்குள் போய் நாலு சோற்றுப் பருக்கை எடுத்து வந்தாள். கோமதிநாயகம் அதை விரலால் நசுக்கி, மடிப்பு நெடுகிலும் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காயும்வரை கையை எடுக்காமல் நின்றார்.

“பதிவுத் தபால்ல அனுப்பினா ரசீது கெடைக்கும்,” என்றார்.

“தங்கச்சிக்கு எழுதுத காயிதத்துக்கு ரசீதா?”

“சரி, வேண்டாம்.”

பிளசி தான் போட்டுவிடுவதாகச் சொன்னாள். அவர் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துத் தபால்பெட்டி வரை நடந்தே போனார். எதிரே வந்தவர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்; கோமதிநாயகத்தை முழு உருவமாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பெட்டியின் வாயில் கவரை விட்டு, விரல் நுனி வரை உள்ளே கொடுத்து, விட்டார். அடியில் போய் அது தகரத்தில் மோதிய சத்தம் நன்றாகக் கேட்டது.